எழுதுகூலி நான்கு வரட்டி

யுத்தத்துக்கு முந்தி நான் வரி ஆபீஸில் குமாஸ்தா. தென்னூர்ச் சந்தையில் எனக்கு வரட்டி விற்ற அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. திருவானைக்காவலிலிருந்து கூடையோடு நடந்தே வருவாள். ஒவ்வொரு வரட்டியையும் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் கொடுக்கமாட்டாள்.

ஒருநாள் கேட்டாள்: “மண்ணெண்ணெய்க் கிடங்குக்கு வரியைத் தள்ளிட்டாங்களாமே, சாமி? என் கூடைக்கு மட்டும் ஏன் தினம் சுங்கம் கேக்குறாங்க?”

“ஏழைங்க வீட்டுல விளக்கு எரியணும்னு தள்ளியிருக்காங்கம்மா.”

“அந்த வீட்டுல அடுப்பு என் வரட்டியிலதானே எரியுது? எனக்கும் அப்படி ஒரு மனு எழுதிக் குடுங்களேன்.”

அந்தத் தள்ளுபடிக்குக் காரணம் எழுதியதே நான்தான். கிடங்குக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டார், நல்ல காரணமாகப் போடு என்றார் மேலதிகாரி. ஏழை வீட்டு விளக்கு என் யோசனை. “எழுதறேன்” என்றேன்.

எழுதுகூலி என்று நான்கு வரட்டியைத் தட்டிப் பார்த்து என் பையில் போட்டாள். மறுநாள் எங்கள் வீட்டில் காபிக்கு வெந்நீர் அதில்தான் கொதித்தது. புகையே இல்லை.

மனுவை நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு வரட்டி வாங்க வேறு சந்தைக்குப் போனேன்.