அலுமாரிக்குள் இருந்த ரோச் லைற்

எங்கள் வீட்டு ரோச் லைற்றுக்குப் பூச்சி உருண்டை மணம். மற்ற வீடுகளில், இருட்டில் அடித்துக்கொண்டு திரிகிற அந்த விளக்கு கை வியர்வையும் மண்ணெண்ணெயும் மணக்கும். எங்களுடையதோ அப்பாவின் பட்டு வேட்டிக்கும் அம்மாவின் கூறைச் சேலைக்கும் நடுவில், அலுமாரியின் மேல்தட்டில், வாங்கிய பெட்டியோடு, பெட்டிக்கு மேலே ஒரு பொலித்தீன் பை, பைக்கு மேலே ஒரு 'றப்பர் பாண்ட்' என்று சகல மரியாதைகளோடும் படுத்திருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு அப்பாவின் சேட்டுப் பையில் இருந்தது.

சண்டை ஓய்ந்து, கொழும்புப் பாதை திறந்து, சாமான்கள் லொறி லொறியாக வரத் தொடங்கிய காலம் அது. நாங்கள் புத்தூருக்குப் பக்கத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பம். ஒழுங்கைக்குக் கரண்ட் திரும்பி வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டுக்குள் இரண்டு 'பல்ப்', குசினியில் ஒன்று, அதற்கு அப்பால் வளவு முழுக்க இருட்டு. அப்படியிருக்க, அச்சுவேலிச் சந்தையில் வெங்காயம் கொடுத்துவிட்டு வந்த ஒரு மத்தியானம், அப்பா வாலில் இரண்டு முள்ளுள்ள ஒரு சிவப்புச் 'சாச் லைற்'றோடு வந்து இறங்கினார். பட்டப்பகலில் கடைக்காரரின் மேசைக்குக் கீழே தலையை விட்டு, இருக்கிற அத்தனை லைற்றையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தாராம். கடையில் பற்றறி வாங்கவே தேவையில்லை, சுவர்ப் பிளக்கில் குத்திவிட்டால் கரண்டை இழுத்துத் தானாகச் சாச் ஏறும் என்று அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார், சுவரில் குத்தியும் காட்டினார், பொழுதுபட்டதும் எதிர்வீட்டுத் தென்னையின் வட்டுக்கு ஒருமுறை அடித்தும் காட்டினார். அதன் பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பற்றறி என்ற பொருளே யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த சண்டை வருடங்களைத் தாண்டி வந்த மனிதர் அவர். செத்துப்போன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மணித்தியாலம் உயிர் வாங்கியவர், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டவர். இது எனக்கு விளங்குகிறது. விளங்கினால் எரிச்சல் போய்விடும் என்று யார் சொன்னது? கையில் ஒரு வெளிச்சம் கிடைத்ததும் அதைப் பாவிக்காமல் விடுவதுதான் பத்திரம் என்று முடிவெடுத்த அந்த மனிதரோடு நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டியிருந்தது.

அதிலும் அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. கக்கூசு அடிவளவில், பனைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் போகிற வழியில் ஆட்டுக்கொட்டில், இந்தப் பக்கம் கோழிக்கூடு, அந்தப் பக்கம் கிணறு. விளக்கு வைத்த பிறகும் அம்மாவுக்கு வெளியே ஓய்வில்லாத வேலை இருக்கும். ஆட்டுக்குக் குழை போட வேண்டும், கூட்டைச் சாத்த வேண்டும், கிணற்றடியில் கால் கழுவ வேண்டும். கையில் ஒரு போத்தல் விளக்கு. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் அந்த விளக்கு குசினி வாசலைத் தாண்ட முதலே அணைந்துபோகும். அம்மா திரும்பி வந்து கொளுத்திக்கொண்டு போவார். அது திரும்பவும் அணையும். மூன்றாந்தரம் வரமாட்டார், இருட்டிலேயே காலால் தடவித் தடவி நடப்பார். நான் குசினி வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அவர் ஆட்டுக்குப் பேசுகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போவேன்.

"இஞ்சருங்கோ, அந்த லைற்றை ஒருக்காத் தாங்கோவன், போட்டு வாறன்" என்று அம்மா கேட்பார்.

"உது அவசரத்துக்கு வாங்கினது" என்பார் அப்பா. "நீர் ஒவ்வொரு நாளும் பாவிச்சா, அவசரத்திலை சாச் இருக்காது."

"முடிஞ்சா சாச் போடலாம்தானே. உதுக்குத்தானே அந்த லைற்றை வாங்கினது?"

"அடிக்கடி சாச் போட்டால் பற்றறி பழுதாப்போம்."

"எனக்கு ஒவ்வொரு நாளும் இருட்டத்தானப்பா செய்யுது!"

இந்தச் சம்பாஷணை, வார்த்தை மாறாமல், எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கும். அம்மா கேட்பதும் அவர் மறுப்பதும் எனக்கு மனப்பாடம். கள்ளன், புயல், செத்தவீடு என்று எந்தெந்த அவசரங்களுக்கு அந்த லைற் காத்திருக்கிறது என்று அப்பா வரிசையாகச் சொல்லுவார். அந்த வரிசையில் அம்மாவின் கால்கள் ஒருநாளும் வந்ததில்லை.

அவசரம் ஒரு மழைக்காலப் பொழுதுபட்ட நேரம் வந்தது. நாங்கள் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தோம். கோழிக்கூட்டுப் பக்கமிருந்து "என்னவோ கடிச்சுப் போட்டுது" என்று அம்மாவின் குரல் கேட்டது. பெரிய கூச்சலெல்லாம் இல்லை, குழம்பில் உப்பில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். அந்த நிதானம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. அப்பா துள்ளி எழும்பினார். திறப்பைத் தேடி எடுத்து, அலுமாரியைத் திறந்து, றப்பர் பாண்டைக் கழற்றி, பொலித்தீனை உரித்து, பெட்டியின் மூடி கிழிந்துவிடாமல் கவனமாக இழுத்து, ஒருவழியாக லைற்றை வெளியே எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் அம்மா தானாகவே நொண்டிக்கொண்டு வந்து குசினிப் படியில் இருந்துவிட்டார். அப்பா கோழிக்கூட்டடியில் நின்று சுவிட்சைத் தள்ளினார். கண்ணாடிக்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. கையில் தட்டினார், தொடையில் தட்டினார். பூச்சி உருண்டை மணத்தைத் தவிர அதிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டு இராசம்மா மாமிதான் தென்னோலைச் சூள் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடி வந்தார். அந்த வெளிச்சம் வந்து சேர, கடித்தது எதுவோ அது போய்விட்டது.

வாடகைக்கு ஒரு 'வான்' பிடித்து அம்மாவை ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பாம்பு? கண்டனீங்களோ?" அப்பா இல்லை என்று தலையாட்டினார். பாம்புதானா என்பதே தெரியாதே என்று அம்மாதான் சொன்னார். என்ன கடித்தது என்று தெரியாதபடியால் மருந்து கொடுப்பதா விடுவதா என்று பொறுத்திருந்து பார்க்கத்தான் வேண்டுமாம். பார்த்தார்கள். அம்மாவின் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்தேன். அம்மா செத்துப்போவாரா என்று அப்பாவைக் கேட்க நினைத்தேன். அப்பா எங்கே என்று திரும்பினால், அவர் வார்ட்டின் மூலையில் குந்திக்கொண்டு, சுவரில் இருந்த பிளக்கில் அந்தச் சிவப்பு லைற்றைக் குத்திச் சாச் ஏற்றிக்கொண்டிருந்தார். நேர்ஸ் வந்து நன்றாக ஏசிக் கழற்ற வைத்தார். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து அழுகையாக வந்தது.

மறுநாள் வீக்கம் வற்றத் தொடங்கியது. கடித்தது என்னவென்று இன்றுவரைக்கும் தெரியாது. அம்மா நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா லைற்றைத் தூக்கிக்கொண்டு அச்சுவேலிக்குச் சண்டைக்குப் போனார். கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உது பாவிச்சுப் பழுதாகேல்லை. சாச் போடாமல் சும்மா கிடந்து செத்துப்போச்சு" என்றாராம். இதிலிருந்து ஒரு மனிதர் என்ன படிப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? அப்பா புதிதாக இன்னொன்று வாங்கினார். மாதம் பிறந்தால் அதை எடுத்துச் சாச் போட்டு, சுவரில் ஒருமுறை அடித்துப் பார்த்து, திருப்தியோடு திரும்ப அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இப்போது லைற் எந்நேரமும் தயார். அம்மாவின் கையில் அதே போத்தல் விளக்கு. அவர் பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்.

இவ்வளவும் ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன மாதம் அப்பா எனக்குப் போன் எடுத்தார். நான் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வேலையும் வாடகை வீடுமாக இருக்கிறேன். "பிள்ளை, வரேக்கை ஒரு நல்ல சாச் லைற் வாங்கிக்கொண்டு வா."

"ஆருக்கு, அலுமாரிக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லையடி பிள்ளை. ஒவ்வொரு நாளும் பாவிக்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அம்மாவுக்கு இப்போது பார்வை இல்லை. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன தைக்குப் பிறகு முழுதாகவே போய்விட்டது. கண் நரம்பு செத்துவிட்டது, இனித் திருப்ப ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கண் இருந்தபோது பூட்டி வைத்ததை இப்போது யாருக்காக வாங்குகிறார்?

என்றாலும் பலாலி வீதிக் கடை ஒன்றுக்குப் போனேன். விற்கிற தம்பி வைத்திருந்ததிலேயே பெரியதை எடுத்து, "அக்கா, இது ரெண்டு கிலோமீற்றர் அடிக்கும்" என்றான்.

"தம்பி, எங்கடை கிணறு ரெண்டு கிலோமீற்றர் தூரத்திலை இல்லை" என்றேன்.

சைரன் ஊதுகிறது, நிறம் நிறமாக மின்னுகிறது, ரேடியோ பாடுகிறது என்று அவன் எடுத்துக் காட்டக் காட்ட எனக்கு எரிச்சல் ஏறியது. காலடியில் அகலமாக விழுகிற வெளிச்சம், குறைத்துப் போட்டால் கனநேரம் நிற்கிற சாச், போனுக்குக் குத்துகிற வயரையே குத்தக்கூடிய வசதி, மழையில் நனைந்தாலும் பழுதாகாத உடம்பு, ஆணியில் தொங்கவிட ஒரு கயிறு. ஒரு மனிதருக்கு வேறென்ன வேண்டும்? நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால் அவசரத்துக்கென்று தனியாக ஒன்றைத் தேடாதீர்கள். ஒவ்வொரு நாளும் கையில் எடுக்காத லைற் அவசரத்துக்கும் உதவாது என்பதை நான் ஆசுப்பத்திரி வாங்கில் குந்தியிருந்து படித்தவள்.

வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். நேரே அலுமாரியைத்தான் திறந்தேன், திறப்பு அதிலேயே தொங்கியது. மேல்தட்டில் பெட்டி இருந்தது. வந்துவிட்ட கோபத்தோடு அதை எடுத்தேன், வெறும் பெட்டி. குசினிச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது, அதிலும் லைற் இல்லை. பொழுது பட்டிருந்தது. அடிவளவுக் கக்கூசை இடித்தாயிற்று, ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது, கோழியும் இல்லை, இராசம்மா மாமியும் இல்லை. கிணறு மட்டும் அங்கேயே இருக்கிறது, அதில் கால் கழுவாமல் வீட்டுக்குள் வந்து இருக்க அம்மாவால் இன்றைக்கும் முடியாது.

அந்தப் பாதையில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையால் அம்மாவைப் பிடித்திருந்தார். மற்றக் கையில் இருந்த லைற்றைத் தன் காலுக்கு அடிக்காமல் அம்மாவின் காலடிக்கே அடித்துக்கொண்டு, தான் இருட்டில் தடக்கித் தடக்கி நடந்துவந்தார்.

"லைற் எரியுதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"எனக்கு எரிஞ்சாலும் ஒண்டு, எரியாட்டியும் ஒண்டு. அணையுங்கோ, சாச் போகப்போகுது."

"முடிஞ்சா சாச் போடலாம்தானே" என்றார் அப்பா.

அம்மா நடப்பதை நிறுத்தினார். முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"உதைத்தானே நான் அப்ப சொன்னனான்."

அம்மா திரும்ப நடக்கத் தொடங்கும்வரை, அப்பா வெளிச்சத்தை அவருடைய காலடியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.