ஜெயலீலா பிரித்த தையல்

ப்ளவுஸ் சரியில்லை என்று சொல்ல வருகிற பெண்கள் ஜெயலீலாவின் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்கள். "ஒடம்பு ஏறினா துணி என்னம்மா செய்யும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். நாசரேத் பக்கத்துக்காரி. அமெரிக்காவில் இந்த மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. மளிகைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் பத்தடி அகலக் கடை, இரண்டு மெஷின், ஒரு மேசை.

அங்கே இன்னொரு கூட்டமும் வரும். ஹெவி மெட்டல் என்கிற இரைச்சல் சங்கீதப் பைத்தியங்கள். கையில்லாத ஜீன்ஸ் கோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பிடித்த பாண்டுகளின் படம் போட்ட துணித்துண்டுகளை அதில் தைத்துக்கொள்வார்கள். பேட்ச் என்பார்கள். அந்தத் தடித்த துணியில் மெஷின் ஊசி ஒடியும். ஜெயலீலா மெழுகு தடவிய நூலில், காஜா எடுக்கிற மாதிரி, ஓரம் முழுக்கக் கையாலேயே பின்னுவாள். மூலைக்கு மூலை மூன்று தையல் நெருக்கிப் போடுவாள். இழுத்தாலும் வராது. அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை.

ஒரே கட்டுப்பாடு, சாத்தான் படம் தைக்கமாட்டாள். கொம்பு, தலைகீழ்ச் சிலுவை எதுவானாலும் மேசையைவிட்டு எடுத்துவிட வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு சின்ன பாண்டில் பேஸ் கிடார் வாசிக்கிற மானஸா கொம்பு வைத்த ஆட்டுத் தலை பேட்ச் கொண்டுவந்தபோது விரலால்கூடத் தொடவில்லை.

பிரென்ட் என்ற வெள்ளைக்காரப் பையன் கொண்டுவந்தவையோ சுத்தமாக இருந்தன. பனிமலை, காடு, கதிர் மடங்கிய ஒரு சூரியச் சக்கரம், கீறிவைத்த மாதிரி ஏதோ பழைய எழுத்து. கொம்பில்லை, ரத்தமில்லை. பையனும் தங்கமானவன், வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுவான். ஆறு பேட்ச் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மானஸா உதடு கிழிந்து வந்து நின்றாள்.

"என்னட்டி, எங்க போய் முட்டிக்கிட்ட?"

"முட்டிக்கல ஆன்ட்டி, தள்ளிட்டான். நாங்க ப்ளே பண்ணிட்டிருக்கோம், நாலு பேர் முன்னாடி வந்து ஹிட்லர் சல்யூட் அடிக்கிறாங்க. இது உங்க மியூசிக் இல்ல, உங்க நாட்டுக்குப் போன்னு கத்துறாங்க. நான் இங்க பக்கத்துல எடிசன்ல பொறந்தவ!"

"போலீஸ்ட்ட சொன்னியா?"

"சொல்லியாச்சு. அது இல்ல ஆன்ட்டி, தள்ளினவன் திரும்பினப்போ முதுகப் பாத்தேன். சன் வீல் பேட்ச், அந்தச் சூரியச் சக்கரம். சுத்தி உங்க தையல்."

"ஏட்டி, போ. வேற எவளாவது தச்சிருப்பா."

"மூலைல மூணு, ஆன்ட்டி."

மானஸா ஃபோனை நீட்டினாள். ஜெயலீலா ஓரத்தை மட்டும் பார்த்தாள். தன் கை தனக்குத் தெரியாதா?

"அது நாஜிங்க வெச்சிருந்த டிசைன். யூதர்கள், கறுப்பர்கள், நம்மள மாதிரி ஆளுங்க, யாருமே இருக்கக் கூடாதுன்னு பாடுற பாண்டுங்களோட பேட்ச் அதெல்லாம். என் ஆடு சும்மா ஷோவுக்கு ஆன்ட்டி. அது யாரையும் அடிச்சதில்ல."

"படிச்ச மூதிகளா, இத மொதல்லயே சொன்னா என்னட்டி?" என்று அவள்மேல் பாய்ந்தாள் ஜெயலீலா. கோபம் உண்மையில் யார்மேல் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அந்தப் பிரென்ட் வியாழக்கிழம வாரான். இன்னொண்ணு தைக்கணுமாம்."

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொல்லிட்டா ஆச்சா? அவன் முதுகுல கெடக்கது என் கைத்தையல்லா?"

வியாழக்கிழமை காலையில் பிரென்ட் கோட்டை மேசையில் விரித்து, புதுப் பேட்ச்சை அதன்மேல் வைத்தான். ஜெயலீலாவின் இங்கிலீஷ் உடைசல்தான், ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இந்தச் சக்கரம் என்ன?"

"எங்க முன்னோர்களோட சூரியன், மேடம்."

"கிடார் வாசிச்ச இந்தியப் பிள்ளையத் தள்ளினது நீதானா?"

அவன் சிரித்தான். "அது அவளுக்கான இடம் இல்ல. உங்களச் சொல்லல மேடம். நீங்க உழைக்கிறவங்க."

"வெச்சிட்டுப் போ. அஞ்சு மணிக்கு வா."

அவன் போனதும் பாதி பிளேடை எடுத்தாள். முதல் மூலையில் மூன்று. நல்ல தையல், சனியன், சீக்கிரத்தில் விடவில்லை. கண்ணாடிக் கதவு, தனி ஆள், அவனோ ஆறடி. எல்லாம் நினைப்பில் ஓடத்தான் செய்தது. துணியில் ஒரு கீறல் விழவில்லை. மூன்று மணிக்கு மேசையில் நூல் குப்பையாகக் கிடந்தது.

ஐந்து மணிக்கு வந்தவன் மடித்த மொட்டைக் கோட்டையும் அதன்மேல் அடுக்கியிருந்த ஏழு பேட்ச்களையும் பார்த்து வாய் பிளந்தான். பிறகு கத்தினான். மேடம் எல்லாம் போய்விட்டது.

ஜெயலீலா எழுந்திருக்கவில்லை. ஆத்திரத்தில் தமிழ்தான் வந்தது. "துணி ஒன்னுது, படம் ஒன்னுது. நூலு என்னுது, எடுத்துக்கிட்டேன். ஒனக்கு நாங்க தைக்கலாம், ஒங்க பாட்டு மட்டும் வாசிக்கக் கூடாதோ? போலே வெளிய!"

வார்த்தை புரியாவிட்டாலும் வாசலைக் காட்டிய விரல் புரிந்தது. வேறு கடைக்குப் போவேன் என்றான். "போ. அது அவன் கைத்தையல், என்னுது இல்ல" என்று இங்கிலீஷில் சொன்னாள். கதவருகே நின்று, நண்பர்களோடு திரும்பி வருவேன் என்றான்.

"வா. காலைல பத்து மணிக்குத் தொறப்பேன்."

அவன் கார் கிளம்புகிறவரை பார்த்திருந்துவிட்டு மானஸாவுக்கு ஃபோன் போட்டாள். "ஏட்டி, அந்த ஆட்டக் கொண்டா."

"ஆன்ட்டி, அதுல கொம்பு இருக்கே!"

"இருக்கட்டும். ஆண்டவர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடை திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால், கல்யாண ப்ளவுஸ்கள் இரண்டுக்கும் நடுவில், ரோட்டைப் பார்த்து மானஸாவின் கோட்டு தொங்கியது. முதுகில் ஆட்டுத் தலை, மூலைக்கு மூன்று தையல். அவள் சர்ச்சுக்கு வருகிற ஒருத்தி காரை நிறுத்தி இறங்கி வந்து, "இது என்னக்கா அசிங்கம்?" என்று கேட்டாள்.

"ஆடு" என்றாள் ஜெயலீலா. "அளவு குடுக்க வந்தியா, ஆடு பாக்க வந்தியா?"