எழிலரசியின் காலண்டர் தாள்கள்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் எழிலரசி தினமும் காலையில் முகவாயில் ஒற்றி எடுக்கும் காலண்டர் தாளைப் பிழிந்தால் அந்த எண்ணெயில் மூன்று பணியாரம் சுடலாம். நானே சுட்டுத் தின்றிருக்கிறேன். சரி, சுடவில்லை. பணியார விஷயத்தில் எனக்குக் கை கொஞ்சம் தாராளம். ஆனால் தாள் நிஜம்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, முதல் கேன் வந்து சேருமுன், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழிப்பாள். முகக்கவசத்தை இறக்கி, தாளை முகவாயில் அழுத்தி, பத்து எண்ணி எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். எண்ணெய் இறங்கிய இடம் கண்ணாடித் தாள்போல் வெளிச்சத்தை விடும். அந்த வட்டத்தைப் பேனாவால் சுற்றி வரைவாள். அச்சிட்ட தேதி நேற்றையது என்பதால் அதை அடித்து இன்றைய தேதியை எழுதுவாள். பிறகு ஆணியில் தொங்கும் கம்பியில் குத்திவிட்டு, கை கழுவி, மெஷினைப் போடுவாள்.

அவள் வேலையே கொழுப்பு அளப்பது. இண்டூரைச் சுற்றியுள்ள மாடும் எருமையும் கறக்கிற பாலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தண்ணீர் என்று மெஷின் காட்டுவதை உரக்கப் படிப்பாள். விலை அந்தக் கொழுப்புக்குத்தான். அரைப் புள்ளிகூட ஏற்றிப் போட மாட்டாள். சொந்த மாமியார் கொண்டுவந்த பாலுக்கும் அதே குரல்தான். அதனால் வரிசையில் நிற்பவர்களுக்கு, கிழவி எனக்கும் சேர்த்து, அவள்மேல் மரியாதை உண்டு. பிரியம் கொஞ்சம் கம்மி.

பிரியம் சுத்தமாக இல்லாதவள் குள்ளம்மாள். ஒற்றை எருமைக்காரி. தினமும், “ஆறுன்னு போடு கண்ணு, ஒனக்கு என்னா கொறஞ்சு போவுது?” என்பாள். எழிலரசி, “அஞ்சு புள்ளி நாலுக்கா” என்பாள். குள்ளம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டே, “எங்க எருமைக்கு அஞ்சரைகூட வராது. ஒம் மூஞ்சிய இந்த மெஷின்ல வெச்சா எட்டு வரும்டி!” என்பாள். வரிசை சிரிக்கும். எழிலரசி அடுத்த கேனைத் திறப்பாள்.

முப்பத்தோரு வயதில் அவளுக்குத் தாடை ஓரம் கட்டி கட்டியாய்ப் பருக்கள். பதினாறு வயதுப் பெண்களுக்கு வருகிற மாதிரி வெடித்து ஆறுகிறவை அல்ல. தோலுக்கு அடியில் கல்போல் உட்கார்ந்து, மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் வீங்கி விண்ணென்று தெறிப்பவை. ஹெல்மெட் வாரை மாட்டினால் கண்ணில் நீர் வந்துவிடும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொரோனா போயும் அவள் முகக்கவசம் போகவில்லை. மஞ்சள், கடலை மாவு, கடையில் வாங்கிய களிம்பு எல்லாம் தோற்ற பிறகு தர்மபுரியில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார். ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த நோய் உண்டா, அடுத்த பிள்ளை எப்போது என்றெல்லாம் கேட்டு, ஹார்மோன் மாத்திரை எழுதினார். கருத்தடைக்குத் தருகிற அதே வகைதான்; இது எண்ணெய்ச் சுரப்பியை அடக்குவதற்கு. “மூணு மாசம் ஆவறதுக்கு முன்னாடி வந்து ஒண்ணும் ஆவலன்னு சொல்லக் கூடாது” என்று சொல்லியனுப்பினார். எழிலரசி தனக்கு ஆறு மாதம் கெடு வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து காலண்டர் தாளில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குள் வட்டம் சுருங்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு, தாடையையும் முகக்கவசத்தையும் ஆயுசுக்கும் ஏற்றுக்கொள்வதாக முடிவு.

வேறொருத்தியாக இருந்தால் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்திருப்பாள். கணவன் மாதவராஜ் பெங்களூரில் கட்டட வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். இவளோ அட்டையை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஆறே காலுக்கு வரிசை பார்க்கவே ஒன்றை விழுங்குவாள். “புருசன் ஊர்ல இல்லாதவளுக்கு இது எதுக்கு?” என்று குள்ளம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள். “மூஞ்சிக்குக்கா. அவருகிட்ட போன்ல வேணும்னாலும் கேட்டுக்க, நம்பர் தரேன்” என்றாள் எழிலரசி.

ஐந்தாவது வாரம் மாரியம்மன் திருவிழா. அதற்கு முந்தின நாளே அட்டையில் இரண்டு மாத்திரை குறைந்தது. யார் எடுத்தது என்பது திருவிழா அன்றே தெரிந்துவிட்டது. மாவிளக்குத் தட்டோடு கோயில் படிவரை போன குள்ளம்மாள் பாதியில் திரும்பி, நேரே சொசைட்டிக்கு வந்து கத்தினாள்: “போலி மாத்திரை வெச்சிருக்கிற! நாளத் தள்ளிப் போடும்னு ரெண்டு முழுங்குனேன். சாமி முன்னாடி மானம் போச்சு!”

எழிலரசி திட்டுவாள் என்று ஆசையோடு காத்திருந்தோம். அவள், “பிரஷர் மாத்திர சாப்புடுற நீ இதப் போயி முழுங்கலாமாக்கா? தள்ளிப் போடறது வேற மாத்திர” என்று மெஷினை அணைத்தாள். பதினோரு கேன் காத்துக் கிடக்க, வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அழுத்தம் சரியாகவே இருந்தது. திரும்பும் வழியில் குள்ளம்மாள், “இத்தினி அக்கற இருக்கறவ நாளைக்கு ஆறுன்னு போடேன்” என்று கேட்டாளாம். மறுநாள் காலை எழிலரசி படித்தது: அஞ்சு புள்ளி மூணு.

ஏழாவது வாரம் அவளே ஆடிப்போனாள். தாடையில் புதிதாய் இரண்டு கட்டி. மாத்திரையால் குமட்டல் வேறு. அட்டையைக் குப்பைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, கம்பியிலிருந்து தாள்களை உருவி மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் நாள் வட்டம் எலுமிச்சை அகலம். அன்றைய வட்டம் நெல்லிக்காய். “கண்ணாடில ஒண்ணுமே தெரியலீங்க ஆயா. தாள்ல தெரியுது பாருங்க” என்று என்னிடம் காட்டிவிட்டு அட்டையைத் திரும்ப மெஷினருகே வைத்தாள்.

நாலாவது மாதம் வட்டம் சுண்டைக்காய் ஆனது. கட்டிகள் ஒவ்வொன்றாய் அமுங்கின. உதட்டோரம் கொஞ்சம் வறண்டு தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டாள். அந்த முகத்துக்கு எண்ணெய் பற்றாமல் போகும் என்று யார் கண்டது! ஆறாவது மாதம் ஹெல்மெட் வாரை ‘டக்’கென்று மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முகக்கவசம் இல்லை.

இதையெல்லாம் எழுதி, நேற்று சொசைட்டியிலேயே அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேன் கழுவிக்கொண்டிருந்த குள்ளம்மாளும் கேட்டாள். “இன்று எழிலரசியின் முகத்தில் மருந்துக்கும் ஒரு பரு இல்லை, சலவைக்கல் தோற்றது” என்று முடித்திருந்தேன். எழிலரசி எழுந்து வந்து, குள்ளம்மாளுக்கு முன்னால் நின்று, முகவாயை டியூப் லைட்டுக்கு உயர்த்திக் காட்டினாள்.

குள்ளம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி எண்ணினாள்.

“மூணு இருக்குது பெரிம்மா. பழைய தழும்பும் அப்பிடியே கெடக்குது, அதையும் எழுதிக்கோங்க. இங்க ஏத்தி எறக்கி எல்லாம் போட மாட்டாங்க.”