கண்ணாடியில் அசைந்த கை

மழைக்காலத்தில் லேக் கார்டன்ஸ் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வலி போகவில்லை. முந்தானை உரசினால்கூட உயிர் போயிற்று. சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவதும் ஒரு சாப்பாடா?

"எலும்பு சேர்ந்துடுத்துன்னு டாக்டரே சொல்லிட்டார். எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்றார் கணவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

பிசியோதெரபி செய்யும் பெண்தான் விளங்கவைத்தாள். நரம்பு தகவலை மட்டுமே கொண்டுபோகும்; அதை வலி என்று தீர்மானிப்பது மூளை. காக்கிறேன் பேர்வழி என்று, சில சமயம் காயம் ஆறிய பிறகும் அது காவலை விடாது. அதனால் வலி பொய்யில்லை என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் சொன்ன வைத்தியம்? மேஜைமேல் கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை அசைக்க வேண்டும். கண்ணாடியில் வலது கையே வலியில்லாமல் அசைவது போலத் தெரியும். மூளை மெல்ல நம்பிவிடுமாம். என் மூளை அவ்வளவு அசடா? கடனே என்று செய்துவந்தேன்.

துர்கா பூஜையின் கடைசி நாளான தசமியன்று, நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண் பூஜைப் பந்தலுக்கு இழுத்துப் போனாள். சிலையை ஆற்றுக்குக் கொண்டுபோகுமுன், தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்த கண்ணாடியில் விழும் துர்கையின் பிம்பத்துக்குத்தான் புரோகிதர் முதலில் விடைகொடுப்பார். குனிந்து கண்ணாடியில் தெரிந்த அம்மனின் பாதத்தைப் பார்த்தேன். சிலை இன்னும் இங்கேதானே நிற்கிறது என்றேன்.

"அம்மா போயாச்சு. கண்ணாடியில் போனால் போனதுதான்" என்று வங்காள மொழியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பௌதி.

இத்தனை பேர் நம்பி அழும்போது எனக்கு மட்டும் என்ன அகம்பாவம்? அதற்குப் பிறகு கண்ணாடியோடு சண்டை போடவில்லை. உள்ளே அசையும் கையை என் கையாகவே பார்க்கப் பழகினேன்.

கண்ணாடிதான் செய்ததா, காலமா, தெரியாது. குளிர் தொடங்கிய ஒரு மத்தியானம் ஸ்பூனைத் தள்ளிவிட்டு, ரசத்தை ஊற்றிச் சாதத்தில் கையை வைத்தேன். சுரீரென்றது. "ஐயோ!"

கணவர் பதறி எழுந்தார். "வலிக்கறதா? நான் பிசைஞ்சு தரட்டுமா?"

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

"வலிக்கலை. சுடறது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.