சின்னத்தா வாங்கிய பீரங்கி

போன வாரம் மட்டாஞ்சேரியில் ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். சந்து வளைவில் குறுக்கே ஒரு பீரங்கி கிடக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போக மரப்படி கட்டியிருக்கிறார்கள். பீரங்கிக்குப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், வாய்க்குள் ஒரு பூச்செடி. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அதன் மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி தனக்குத் தெரிந்த தமிழில் அளந்தான்: "கொச்சியைக் காப்பாத்தின பீரங்கி சார் இது."

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. பின்னே என்ன? அது எங்கள் சின்னத்தா வாங்கிய பீரங்கி. அதன் துரு வாசனைகூட எனக்குத் தெரியும்.

சின்னத்தா, அத்தாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா. அத்தா மவுத்தான பிறகு எங்கள் பழைய இரும்புக் கடையை அவர்தான் நடத்தினார். இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்தக் கடை மட்டுமே. சந்தில் அதற்கு நேர் எதிரே வறீது சேட்டனின் இரும்புக் கடை. உள்ளே வரும் தள்ளுவண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் தினசரி யுத்தம். சேட்டன் வண்டிக்காரர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். சின்னத்தா சாயாவோடு பழம்பொரியும் கொடுத்தார். சேட்டன் ஃபேன் மாட்டி, பெஞ்சு போட்டார். பழம்பொரி என்றதும் எனக்கு நாக்கு ஊறுகிறது. அதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், பீரங்கிக்கே வந்துவிடுகிறேன்.

இடக்கொச்சியில் ஒரு பழைய பண்டகசாலையை இடித்தபோது சேற்றுக்குள்ளிருந்து கிளம்பியது அது. போர்த்துகீசியன் விட்டுப்போனதா, டச்சுக்காரன் விட்டுப்போனதா, யாருக்குத் தெரியும். ஏலத்தில் எடுக்கப் போகுமுன் சின்னத்தா என்னைக் கூப்பிட்டார். நான் பி.ஏ. சரித்திரம் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த காலம்.

"நீ சரித்திரம் படிச்சவனாச்சே, சொல்லுடா. பெரிய பீரங்கி வெச்சிருந்தவன் எவனாச்சும் தோத்திருக்கானா?"

என் படிப்பை மதித்து முதன்முதலாக ஒருத்தர் கேள்வி கேட்கிறார், விடுவேனா? கோட்டைகளை உடைக்கவென்று செய்த ராட்சதப் பீரங்கிகளின் பரிதாபக் கதையை எடுத்துவிட்டேன். இழுக்க ஒரு மாட்டுக் கூட்டம், மாட்டுக்குப் புல், புல்லுக்கு வண்டி, அந்த வண்டியை இழுக்க மறுபடி மாடு. கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். ஒரு குண்டு போட்டால் அடுத்த குண்டுக்குச் சூடு ஆறும்வரை காத்திருக்கவேண்டும். சில பீரங்கிகள் எதிரியை விட்டுவிட்டுச் சொந்த ஆட்கள் நடுவிலேயே வெடித்துத் தொலைத்தன. உலகப் போரில் ஜெர்மன்காரன் செய்த ஒன்றுக்குத் தனியாகத் தண்டவாளமே போடவேண்டியிருந்தது. கொஞ்ச நாள் சுட்டார்கள், அப்புறம் அவர்களே உடைத்துப் போட்டார்கள். "மொத்தத்துல, வெச்சிருக்கிறவனுக்குத்தான் அது கஷ்டம் சின்னத்தா" என்று முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அட போடா. அவனுங்க சுடப் போயி கஷ்டப்பட்டானுங்க. நான் சுடவா வாங்குறேன்? வறீது கடையப் பார்த்தாப்ல சும்மா வெச்சாப் போதும். ஊரே வேடிக்கை பார்க்க நம்ம பக்கம் வரும். அவனுக்குக் கிலி பிடிச்சிடும்."

ஏலத்துக்குப் போனார். பழைய இரும்புக்காரருக்கு எல்லாமே எடைதான். சைக்கிளானாலும் கப்பல் நங்கூரமானாலும் எத்தனை கிலோ என்பதுதான் முதல் கேள்வி. பீரங்கியின் எடையைக் கண்ணால் பார்த்தே சொன்னார், அது சரியாகவும் இருந்தது. அதற்கு நீளம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. சரித்திரம் படித்த மேதைக்கும் தோன்றவில்லை.

லாரி சந்துக்குள் வராது. சுமட்டுத் தொழிலாளிகள் உருட்டுக்கட்டை போட்டு, பாட்டுப் பாடித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வளைவில் அது பாதி திரும்பியது, அவ்வளவுதான். வாய் ஒரு சுவரில், பின்பக்கம் எதிர்ச் சுவரில். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவர்களின் மூப்பர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனி இது இவிடெ கிடக்கட்டே."

வறீது சேட்டன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சின்னத்தாவிடம் கேட்டார். "ராவுத்தரே, யுத்தம் தொடங்கியோ?"

தொடங்கிவிட்டது. ஆள் ஏறித் தாண்டலாம், தள்ளுவண்டி தாண்ட முடியாதே. வண்டிகளெல்லாம் தோப்பும்படிப் பக்கம் திரும்பின. வெட்டிவிடலாமென்று பார்த்தால் வார்ப்பிரும்பு கேஸ் கட்டருக்கு மசியவில்லை. சம்மட்டிக்காரர்களைக் கூட்டி வருவதற்குள் யாரோ தொல்பொருள் துறைக்கு எழுதிப்போட்டு, அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். புராதனப் பொருளாம், தொடக்கூடாதாம்.

"நான் வாங்கின பொருள் சார்" என்றார் சின்னத்தா.

"வாங்கியது உங்களுடையதுதான். தொடத்தான் கூடாது" என்று மலையாளத்தில் அழகாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு கடையிலும் ஈ ஓட்டினோம். வீட்டில் மீன் வாங்குவது நின்றது. வேறு வேலை இல்லாததால் சின்னத்தா பீரங்கியின் ஒரு முனையிலும் சேட்டன் மறு முனையிலும் உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சேட்டன் தன் பழம்பொரியைப் பிய்த்துப் பாதியை நீட்டினார்.

"ராவுத்தரே, உங்கட பீரங்கி கொள்ளாம், நல்லாயிருக்கு. ஒரு வெடியும் வெக்காம ரெண்டு கடையும் பூட்டிச்சு."

சின்னத்தா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

சேட்டன் முதலில் கடையை விற்றுவிட்டுத் திருப்பூணித்துறைக்கு, மகள் வீட்டுக்குப் போனார். "எதிர்க்கடை இல்லாம என்னடா வியாபாரம்" என்று சின்னத்தாவும் தராசை இறக்கினார். எனக்குத் தேவராவில் குமாஸ்தா வேலை கிடைத்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது. சின்னத்தா அப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை.

எங்கள் இரும்புக் கடைதான் இப்போது அந்தக் காப்பிக் கடை. அதற்கு வண்டி வரவேண்டியதில்லை, மனுஷர் வந்தால் போதும். எங்கள் தராசு தொங்கிய கொக்கியில் இப்போது ஒரு விளக்கு தொங்குகிறது. வறீது சேட்டன் கடை இருந்த இடத்தில் கழிவறை. பீரங்கியைத் தொட்டு விரலை முகர்ந்தேன், பெயிண்ட் வாசனைதான் வந்தது.

கோயம்புத்தூர்க் குழந்தை கேட்டது: "இது எத்தனை பேரைச் சுட்டுச்சு?"

"ஒரு தடவைகூட வெடிச்சதில்ல மோளே. இதனால யாருக்கும் ஒரு சேதமும் இல்ல" என்ற வழிகாட்டி, சாட்சிக்கு என் பக்கம் திரும்பினான். "அல்லே சேட்டா?"

விளக்கைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம், யாருக்கும் சேதமில்லை" என்றேன்.