நட்டு போல்ட்டு வாசக்கால்

எங்கள் வீட்டு உள்சுவர்களைக் கழட்டி வேறு இடத்தில் மாட்டலாம். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்கள். தட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் லாரி வராது. பழைய வீட்டை இடித்தபோது செங்கல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்தோம். யாரோ சொல்லி ஒரு எஞ்சினியர் பெண் வந்தாள். "எதையும் வெளிய தூக்கிப் போட வேணாம் ஆன்ட்டி" என்றாள். பழைய செங்கல் மறுபடி வெளிச்சுவராக எழும்பியது. உத்தரங்களை அறுத்து உள்கதவுகளுக்குச் சட்டம் செய்தார்கள். உள்ளே இரும்புத் தூண்கள், அவற்றுக்கு நடுவே வைக்கோலை அழுத்திச் செய்த பலகைச் சுவர்கள், எல்லாம் நட்டு போல்ட்டு. ஃபேன் போடாமலே உட்காரலாம் என்றும் சொன்னாள். மே மாதத்தைத் தவிர மற்ற மாதங்களில் அது உண்மைதான்.

"வீட்ல ஆள் கூடுனா ரூம் கூடும், ஆள் குறைஞ்சா ஹால் பெருசாகும். ஒரே ஒரு கண்டிஷன், பலகைல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்றாள்.

ஆணி அடிக்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்துவைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று தலைவாசலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினேன். கிண்ணத்தில் மஞ்சள் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று கீழே, மேலே இருந்த கதவுச் சட்டங்களுக்கெல்லாம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டேன். அந்தப் பெண் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது டோர் ஃபிரேம். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அது வாசக்கால். டோர் ஃபிரேமைக் கழட்டலாம். மஞ்சள் பூசிய வாசக்காலை வீடு இடிகிறவரைக்கும் எங்களில் யாரும் கழட்ட மாட்டார்கள்.

அப்படியாகக் கழட்டி மாட்டும் வீடு கழட்டாமலே நின்றது. பையன் ஓசூருக்கு வேலைக்குப் போனான். மாடியில் அவன் ரூம் சும்மா கிடந்தது. கீழே ஹால் என் ராஜ்ஜியம். கடைகளிலிருந்து வரும் பட்டுப் புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டிக்கொடுப்பது என் தொழில். ஜன்னல் மூலையில் வெளிச்சம் நன்றாக விழும், அதில்தான் உட்காருவேன். என் வீட்டுக்காரர் புடவைக் கடையில் நாளெல்லாம் பிரித்துக் காட்டி மடித்து வைக்கிறவர். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்க மாட்டார்.

போன வருஷம் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பியைப் படிக்கவைத்ததே அவர் சம்பளம்தான். வாழ்நாள் முழுக்க குவார்ட்டர்ஸ், இல்லாவிட்டால் வாடகை வீடு. வாலாஜாபாத்தில் கடைசியாக இருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்மா" என்றுதான் உள்ளே நுழைந்தார். அவருடைய அட்டைப்பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டியபடியே ஹாலில் கிடந்தன. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ஹாலிலேயே படுத்துக்கொண்டார்.

எஞ்சினியர் பெண்ணைக் கூப்பிட்டோம். மாடி ரூமின் பலகைகளையும் கதவையும் சட்டத்தோடு இறக்கி ஜன்னல் மூலையில் மாட்டினால் அண்ணிக்கு ரூம் ரெடி என்றாள். ஜன்னல் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"சட்டத்தோடன்னா? வாசக்காலைக் கழட்டுவியா?" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி, நாலு போல்ட்டுதான்."

"மஞ்சள் வெச்ச வாசக்காலைக் கழட்டக் கூடாதுமா!"

அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றுபோனது.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் அண்ணி கையில் பையோடு கிளம்பிவிட்டார். "எனக்கோசரம் வாசக்காலைத் தொட வேணாம்மா. ஓரிக்கைல ஒரு வீடு காலியா இருக்குதாம், பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி ஆட்டோ ஏறினார்.

ஹாலுக்கு வந்தேன். அவர் படுத்த பாய் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டிகளில் ஒரு கயிறுகூட அவிழ்க்கவில்லை. சோப்பு டப்பாவைக்கூடக் குளித்துவிட்டு வந்து பைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான். வீட்டில் இருக்கிறவர்கள் நன்றாக இருக்கத்தானே மஞ்சள் பூசினேன்!

எஞ்சினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். "இப்பவே ஆள் கூட்டிக்கினு வந்து கழட்டும்மா."

"நல்ல நேரம் பார்க்க வேணாமா ஆன்ட்டி?"

"நான் சொல்ற நேரம் நல்ல நேரம்தான், நீ வா."

மாடியில் ஸ்பேனர் சுற்றியபோது கிட்டேயே நின்றேன். சட்டம் விலகியதும் பின்னாலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எந்த ஊரில் பல்லி விழுந்தாலும் தோஷம் கழிக்க நம் ஊர்க் கோயிலுக்குத்தானே வருகிறார்கள், சாயந்திரம் நானும் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தீர்ந்தது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அண்ணி திரும்பி வந்தபோது ஜன்னல் மூலையில் ரூம் நின்றுகொண்டிருந்தது. செருப்பைக் கழட்டக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மஞ்சள் கிண்ணத்தை நீட்டினேன்.

"வாசக்காலுக்கு நீங்களே வைங்க அண்ணி."

"இதுல மஞ்சள் வெச்சிட்டா அப்புறம் கழட்டக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன்."

அண்ணி செருப்பைக் கழட்டி வைத்தார், கை கழுவிக்கொண்டு வந்தார், நிதானமாகப் பூசினார். கை எட்டிய இடம்வரை பூசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சினியர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் உட்கார்ந்து குஞ்சம் கட்டுகிறேன். தெருவை வேடிக்கை பார்ப்பதில் வேலை கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

மஞ்சள் பூசிய மறுநாள் காலை அண்ணி ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் பெட்டிகளைக் கட்டியிருந்த கயிறு, எல்லாவற்றையும் அவிழ்த்து ஒன்றாக முடிந்திருந்தார்.

"சும்மாத்தான கிடக்குது, துணி போடக் கொடி கட்டிக்கலாம்னு பார்த்தேன். ஆணி இருக்குதாம்மா? எந்த வீட்லயும் அடிக்க விட்டதில்ல" என்றார்.

"பலகைல ஆணி அடிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.