ஆவடியிலிருந்து ரிவர்ஸ் இல்லாமல்

1. கரி பஸ் கிளீனர்

நான் டிரைவரான முதல் நாள், வண்டியைவிட நான்தான் அதிகம் நடுங்கினேன். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது.

அதுவரை அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் ஓடிய கரி பஸ்ஸில் நான் கிளீனர். இப்போது ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கரி பஸ் என்றால் தெரியாது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த காஸில் எஞ்சினை ஓட்டினார்கள். காலையில் காஸ் பிடிக்க அரைமணி நேரம் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். நாலு வருஷம் சுற்றினேன். என் முகத்தில் மீசை எது, கரி எது என்று வீட்டுக்காரிக்கே அடையாளம் தெரியாது.

படிப்பைக் கேட்டால், ஏகாம்பரம் என்று கையெழுத்துப் போடத் தெரியும். ஆறு எழுத்து. அதிலும் ஒரு எழுத்து இரண்டு தடவை வருவதால் நான் கற்றது ஐந்துதான்.

ஆனாலும் லைசென்ஸ் வைத்திருந்தேன். பரீட்சை வைத்த அதிகாரி நேரே நாலு பர்லாங் ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். பின்னால் எடு என்று சொல்ல அவர் வாயைத் திறந்த நேரம் மழை கொட்டியது. குடையை விரித்துக்கொண்டு ஓடிவிட்டார். ஆகவே ரிவர்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது, வண்டிக்குப் பின்னால் நின்று தட்டிக்கொண்டே "வரட்டும், வரட்டும்" என்று கத்துவது மட்டும்தான். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் திருத்தணியில் விறகு மண்டி வைத்திருந்த நாயுடு, ஆவடியில் மிலிட்டரி கழித்துவிட்ட லாரி ஒன்றை எடுக்கப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கடைத்தெருவில் அதுவரை சொந்த லாரி வைத்த வியாபாரி யாரும் இல்லை. என்னைக் கூப்பிட்டு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்.

"ஆங், கப்பல் ஒண்ணுதான் பாக்கி மொதலாளி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மலையடிவாரத்துல வண்டிய பத்திரமா கொண்டாந்து நிறுத்து, நீதான் டிரைவர். இல்லன்னா உன் கரி விசிறி உனக்காக காத்துகினு கீது" என்றார்.

எனக்கு அந்த விசிறியின் கைப்பிடி கண் முன்னால் வந்து நின்றது.

2. தவளை மூஞ்சி

ஆவடி மைதானத்தில் லாரிகள் ஏரியில் இறங்கிய எருமைகள் மாதிரி வரிசையாக நின்றன. எங்களுக்குக் கிடைத்தது பச்சை நிறம், சப்பை மூக்கு. முன்பக்கம் பார்த்தால் அசல் தவளை. ஒரு சிப்பாய் அதை வரிசையிலிருந்து முன்னால் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். இது ஸ்டார்ட்டர், இது சோக், இது பெரிய கியர் ராடு என்று கையாலேயே காட்டினான். பக்கத்தில் இருந்த சின்ன ராடைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று, இரண்டு முஷ்டியையும் தரையில் ஊன்றி நாலு கால் பிராணியாக நடந்தே காட்டினான். அவன் பேசிய இந்துஸ்தானியில் எனக்குப் புரிந்தது கடைசியில் வைத்த சலாம் மட்டும்தான். போய்விட்டான்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது மதராஸ் டிரைவர் ஒருவன் எங்கள் வண்டியிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். வேறு யாருக்கோ வண்டி எடுக்க வந்தவன். நம் வண்டி அழகைப் பார்த்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் நாயுடு முகம் வதக்கின கத்திரிக்காயாகச் சுருங்கியிருந்தது.

"ஏகாம்பரம், நல்லா கேட்டுக்கோ. புது வண்டி வூட்டுக்கு வர்ற மொதப் பயணத்துல பின்னால போவவே கூடாது. முருகன் காலடியில பூசை ஆவுற வரைக்கும் ரிவர்ஸுன்ற பேச்சே வேணாம். அது எங்க வழக்கம்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ராத்திரியெல்லாம் ரிவர்ஸை நினைத்துத் தூங்காதவன் நான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எங்க வழக்கமும் அதான் மொதலாளி" என்றேன்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒன்றைப் பார்த்தேன். கியர் ராடில், குமிழுக்குக் கொஞ்சம் கீழே, துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி இருந்தது. எங்கள் பஸ்ஸில் அப்படி எதுவும் கிடையாது.

"இது இன்னா மொதலாளி? இழுத்தா சுடுமா?"

நாயுடு கதவோரமாக ஒதுங்கினார். "மிலிட்டரி சாமான்டா. அது பக்கமே கை போவக்கூடாது" என்றார்.

அதிலிருந்து சூடான காபி டம்ளரைப் பிடிப்பதுபோல மேலே குமிழை மட்டும் நுனிவிரலால் பிடித்துத்தான் கியர் மாற்றினேன்.

ஆனால் அந்த எஞ்சின் இருக்கிறதே! கரி பஸ் மேடு கண்டால் இருமும், ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லும். இது ஆக்சிலேட்டரைத் தொட்டதும் உறுமிக்கொண்டு பாய்ந்தது. காற்றில் நாயுடுவின் அங்கவஸ்திரம் பறந்து என் முகத்தில் விழுந்தது. அதை விலக்கிக்கொண்டே சிரித்தேன். திருநின்றவூர் தாண்டி ஒரு போலீஸ்காரர் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். என் ஆயுசில் எனக்கு விழுந்த முதல் சல்யூட். சும்மா விடலாமா? ஸ்டீரிங்கை விட்டு நானும் அடித்தேன். வண்டி புளியமரத்தைப் பார்க்கப் போய் மனசு மாறித் திரும்பியது. நாயுடு தெலுங்கில் திட்டியது முழுக்கப் புரிந்தாலும் புரியாதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

திருவள்ளூரில் காபி குடிக்க ஆசை. நிறுத்தினால் முன்பக்கமாகவே கிளம்ப வழி வேண்டும். அப்படி ஒரு இடம் தேடிக் கோயில் குளத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினோம். குளிக்க வந்தவர்கள் லாரியே பிரதட்சணம் வருகிறது என்று பயபக்தியோடு வழிவிட்டார்கள்.

3. வைக்கோல் வண்டிகள்

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலம். ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். நாங்கள் பாலத்து முனைக்கு வரவும், எதிரே வைக்கோல் பாரத்தோடு மாட்டு வண்டிகள் வரவும் சரியாக இருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக ஏழெட்டு. முதல் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. நாங்கள் பத்தடி பின்வாங்கினால் எல்லாம் போய்விடலாம்.

முதல் வண்டியோடு கூட நடந்து வந்த அம்மா ஒருத்தி, இடுப்பில் அரிவாள் செருகியவள், எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"யுத்தம் முடிஞ்சிட்ச்சுன்னாங்களே. நீ யார் மேல நைனா படையெடுத்துகினு வர?"

நான் பல்லைக் காட்டினேன். பத்தடி பின்னால் போனால் என் மீசை கொட்டிவிடுமா என்று அடுத்துக் கேட்டாள். நாயுடு எழுந்து நின்று, முதல் பயணத்தில் வண்டியைப் பின்னால் எடுப்பதில்லை என்ற வழக்கத்தை விளக்கமாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்பிடியா சாமி. எங்க மாட்டுக்கும் அதே வழக்கந்தான்."

வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தான். பாரம் ஏற்றின மாடு பின்னால் நடக்குமா?

கால்வாயை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, மணல்தான். இந்தப் பக்கம் சரிவில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிவிடலாம். ஏறாவிட்டால் அங்கேயே புதைந்து நிற்கும், நான் நடந்தே அரக்கோணம் போய் விசிறியைப் பிடிக்க வேண்டியதுதான். நாயுடு கண்ணை மூடி முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். சிப்பாய் நாலு காலில் நடந்தது ஞாபகம் வந்தது. சின்ன ராடைத் தள்ளினேன்.

இறங்கும்போது வானம் தெரியவில்லை, மணல்தான் தெரிந்தது. ஏறும்போது மணல் தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. நடுவில் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சக்கரம் நாலும் மணலைக் கவ்வின, எஞ்சின் அலறியது, நானும் கூடவே அலறினேன். மூக்கு மேலே போய், ஒரு நொடி அங்கேயே யோசித்து, தொப்பென்று ரோட்டில் விழுந்தது. மாடுகள் மிரண்டன. அந்த அம்மா தலைத்துணியை அவிழ்த்துச் சுற்றி வீசினாள்.

நாயுடு என் முதுகில் ஓங்கித் தட்டினார். "டிரைவர்னா நீதாண்டா டிரைவர்." கண் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. உள்ளே மட்டும் ஏதோ குத்தியது.

4. மலையடிவாரம்

அன்று கிருத்திகை. திருத்தணியில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். பெருமை தாங்காமல், படிக்கட்டுத் தெரு முனையில், மலையைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார் குருக்கள். ஊரே தவளை மூஞ்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

அப்போது பம்பைச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு காவடிக் கூட்டம் வந்து நின்றது. நாங்கள் தெரு வாயை அடைத்து நின்றதால் படிக்குப் போக வழியில்லை. பக்கத்துச் சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்தால்தான் முடியும்.

"பூஜை ஆயிடுத்து. இனிமே தாராளமா பின்னால எடுக்கலாம்" என்றார் குருக்கள்.

நான் நாயுடுவைப் பார்த்தேன், வழக்கத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று. அவர் வியர்த்து வழிந்துகொண்டு என்னைப் பார்த்தார். "சகுனம் ஏதாவது சரியில்லன்னு உனக்குத் தோணுதாடா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தோணவில்லை.

ஏறினேன். ஏதோ ஒரு கியரைப் போட்டேன், வண்டி ஒரு முழம் முன்னால் குதித்தது. வேறு கியர். இன்னொரு முழம் முன்னால். மூன்றாவது தடவை தேங்காய்க் கடைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வண்டிக்குப் பதிலா நான்தான்டா ரிவர்ஸ் போயிண்டிருக்கேன்" என்றார் குருக்கள், தட்டோடு பின்வாங்கிக்கொண்டே.

பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். காவடியைத் தோளில் சுமந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். இன்னொரு முழம் போனால் யாராவது அடிபடுவார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"மொதலாளி, எனக்கு ரிவர்ஸ் போடத் தெரியாது. எந்த வண்டியிலயும் போட்டதில்ல."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். நாயுடு முகம் மெல்ல மலர்ந்தது.

"உனக்குத்தான் தெரியாதா? வண்டியில இல்லாமப் போவலியே?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆவடியில் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அந்த மதராஸ் டிரைவர் பின்னால் எடுத்துப் பார்த்து, முடியாமல், இந்த வண்டியில் ரிவர்ஸ் செத்துவிட்டது, ஏமாந்துவிட்டீர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டாயிற்று. வழக்கமும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மொதலாளி."

"உன் வாய்க்குப் பயந்துதான்டா. நீ அரக்கோணம் வரைக்கும் சொல்லிச் சிரிப்ப."

இதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிம் பாய் வந்தார், எங்கள் பஸ்ஸுக்கு ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். ஏறி உட்கார்ந்து, அந்தத் துப்பாக்கி விசையில் விரலை வைத்தார்.

நானும் நாயுடுவும் ஒரே நேரத்தில் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டோம்.

"இன்னா ஏகா, நமாஸ் பண்றியா?" என்றார் பாய். விசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ராடைத் தள்ளினார். கடக் என்று விழுந்தது. தெரியாமல் ரிவர்ஸ் விழுந்துவிடக்கூடாது என்று வைத்த பூட்டு அது. அதைத் தூக்கினால்தான் விழும். ஆவடியிலிருந்து நான் தொடாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தது அதைத்தான்.

வண்டி பின்னால் நகர்ந்தது. எனக்குத் தெரிந்த வேலை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பின்னால் நின்று தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று என் ஆயுசிலேயே பெரிய குரலில் கத்தினேன். பம்பை மறுபடி அதிர்ந்தது. காவடிகள் ஆடிக்கொண்டே படியேறின.

கூட்டம் கலைந்ததும், விசிறிக்கு எப்போது திரும்பிப் போகட்டும் என்று நாயுடுவைக் கேட்டேன். அவர் மலை உச்சியைக் கையால் காட்டினார்.

"ரெண்டு பேருல எவன் பெரிய புளுகன்னு மேல கீறவருக்குத் தெரியும். நாளைக்குக் காத்தால ஏரிக்கு வந்து சேரு" என்றார்.

காய்ந்த ஏரியில் மூன்று நாள் பின்னால் மட்டுமே ஓட்டினேன். கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. மூன்றாம் நாள் ஏரிக்கரையிலிருந்து விறகு மண்டி வரை வண்டியை ரிவர்ஸிலேயே கொண்டுவந்தேன். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்னால் தட்டிக்கொண்டே "வரட்டும், வரட்டும்" என்று கத்தி வந்தவர் நாயுடு.

அப்புறம் முப்பத்தி நாலு வருஷம் ஓட்டினேன். எந்தப் புது வண்டியில் ஏறினாலும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கீழே நிற்பவனிடம் ஒன்று கேட்டுவிடுவேன்: "நைனா, இது பின்னால எப்பிடிப் போவும்?" பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பியவர் ஒருத்தரும் கிடையாது. நீங்களும் கேட்டுவிடுங்கள், குருக்களையாவது பின்னால் நடக்க வைக்காமல் இருக்கலாம்.